அக்காவின் பொம்மைகளுக்குள் இருந்தது

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். நினைவு மலர் என்றால் முதல் பக்கத்தில் படம், அடுத்த பக்கத்தில் குத்துவிளக்கு, அதற்கடுத்து யாரோ எழுதிக் கொடுத்த இரங்கற்பா என்பதுதான் வழக்கம். பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அப்படிப்பட்ட பாக்கள் கணினியிலேயே தயாராக இருக்கின்றன. பெயரையும் ஊரையும் மாற்றினால் வேலை முடிந்தது. எத்தனையோ வீடுகளுக்கு நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. உங்களில் பலர் வீட்டில் அக்கா தைத்த துணிப்பொம்மை ஒன்றாவது இருக்கிறது. போன வருடம் முதல் அந்தப் பொம்மைகளைப் பற்றி அரசல் புரசலாகப் பல புதுப் பேச்சுகள் கிளம்பியிருக்கின்றன. ஆளுக்கொன்றாகப் பேசுவதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவிடு என்று அக்காவின் மாமியாரான எங்கள் அத்தையும் சொல்லிவிட்டார். ஆகவே தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஏரிக்கரையில் உள்ள தோணிரேவில். நைனாவுக்கு ஏரித் தொழில். இறாலும் நண்டும் மடவையும்தான் எங்களை வளர்த்தன. நாங்கள் இருவரும் பெண்கள். ஆண்பிள்ளை இல்லாத குறையை நைனா ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு ஊரில் வேறு ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். அக்கா எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மா மூட்டுவலியில் படுத்துவிட்டார். அதோடு பள்ளி நின்றது. அடுப்பும், நைனாவின் கிழிந்த வலைகளும் அக்காவின் கைக்கு வந்தன. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் என் பள்ளிப் புத்தகங்களை என்னைவிட முன்னால் அவர்தான் படித்து முடிப்பார்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் அந்நாளில் பருப்பையும் சர்க்கரையையும் பழைய வாரப் பத்திரிகைத் தாளில்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் பருப்பு டப்பாவுக்குள் போகும், தாள் அக்காவிடம் போகும். நீவி மடிப்பெடுத்து, அதில் உள்ள தொடர்கதையைப் படிப்பார். தொடக்கம் இருக்காது, முடிவும் இருக்காது, நடுவில் ஒரு வாரத்துக் கதை மட்டும் இருக்கும். தோளில் ஆந்தையோடு காட்டில் நடக்கும் இளவரசி எங்கிருந்து வந்தாள், எங்கே போகிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்ட திருடன் ஒருவன் ஓட்டைப் பிரித்து ஒரு வீட்டுக்குள் இறங்கினான். இறங்கியவன் இறங்கியவன்தான், அப்புறம் அவனைக் காணோம். என்ன ஆயிற்று என்று நான் நச்சரித்தால், அடுத்த பொட்டலத்தில் வரும் என்பார் அக்கா. ஒருமுறைகூட வந்ததில்லை.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது அந்த ஆந்தை இளவரசியைத்தான் அக்கா எனக்குத் தைத்துக் கொடுத்தார். அதுவே முதல் பொம்மை. தையல் கடையில் கூட்டிக் கொட்டும் வெட்டுத் துணிதான் உடம்புக்குள்ளே. தலைமுடிக்குப் பழைய வலையைப் பிரித்தெடுத்த கறுப்பு நூல். பொம்மை நிற்க வேண்டும் என்பதற்காக, வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகளைப் பாதத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டார். வேறு ஊர்ப் பொம்மைகள் சாய்ந்து விழும். அக்காவின் பொம்மைகள் நிற்கும், வைத்த இடத்தில் நின்று நம்மையே பார்க்கும். அம்மைக் காய்ச்சலில் கண் விழிக்கும்போதெல்லாம் அந்த இளவரசி என் கால்மாட்டில் நின்றிருந்தது எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் நினைவிருக்கிறது. பயந்தேன் என்று சொன்னால் அக்கா வருத்தப்படுவாரே என்று சொல்லவில்லை.

பொம்மை தைப்பதில் அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. முடிவு தெரியாத கதையில் வருகிறவர்களை மட்டுமே தைப்பார். முழுக் கதையும் தெரிந்துவிட்டால் அந்த ஆளைத் தொட மாட்டார். பின்னாளில் வீட்டுக்கு வீடு டி.வி.யும் கைக்குக் கை போனும் வந்து, பிள்ளைகள் பறக்கும் பையனையும் பச்சைக் குதிரையையும் தைத்துத் தரச் சொல்லி அக்காவைச் சுற்றியபோதும் சட்டம் மாறவில்லை. பிள்ளையை உட்கார வைத்துக் கதையைச் சொல்லச் சொல்வார். கடைசிக் கட்டம் வந்ததும் கையால் அதன் வாயைப் பொத்திவிடுவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"முடிவு தெரிஞ்சவங்கள தெச்சி இன்னா பண்றது? அவங்கதான் பூட்டாங்களே" என்றார்.

நைனாவின் அக்காதான் எங்கள் அத்தை. அத்தையின் மகனுக்கே அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கை. அக்காவின் கணவரான மாமாவுக்குக் கடல் தொழில். ஃபைபர் படகில் இன்னும் இருவரோடு போய்வருவார். வாய் சும்மா இருக்காத மனிதர். அக்காவைச் சீண்டுவதற்கென்றே ஒவ்வொரு கதைக்கும் ஒரு முடிவைக் கட்டி வைத்திருப்பார். இளவரசியை ஆந்தையே கொத்தித் தின்றுவிட்டது, கண்ணாடிக்காரத் திருடன் இறங்கியது போலீஸ்காரர் வீட்டில் என்றெல்லாம் அவிழ்த்துவிடுவார். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவார். ஆனால் பொம்மைக்குச் சட்டை அளவு பார்க்க வேண்டுமென்றால் கையை விரித்துக்கொண்டு நிற்பதும் அதே மாமாதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு பேச்சாக எடுக்க அத்தை யாரையும் விட்டதில்லை.

மாமாவாலும் முடிவு கட்ட முடியாத ஒரு கதையும் அக்காவிடம் இருந்தது. கல்யாணச் சாமான் சுற்றி வந்த தாளில் கிடைத்தது அது. பொழுது சாய்ந்ததும் கையில் லாந்தரோடு கடற்கரையில் நடக்கும் ஒரு மனிதன். கரை தெரியாமல் தடுமாறி வரும் படகுகளுக்கு விளக்குக் காட்டுவது அவன் வேலை. ஒருநாள் கடலுக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் லாந்தரோடு ஒரு தோணியில் ஏறுகிறான். தாள் அங்கே முடிந்துவிடுகிறது. இந்த லாந்தர்க்காரன் என்ன ஆனான் என்று மாமாவுக்கும் சொல்லத் தோன்றவில்லையாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியலியே என்றாராம். அக்கா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

காற்று திரும்பிய ஒரு காலையில், மீனோடு திரும்பிய மாமாவின் படகு முகத்துவாரத்தில் புரண்டது. ஏரியும் கடலும் சேரும் அந்த வாயில் மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்பது அன்றாடம் மாறும்; பழகியவர்களுக்கும் தப்பிவிடும். மற்ற இருவரும் நீந்திக் கரையேறினார்கள். மாமா ஏறவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின. வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். படகின் மோட்டார் கிடைத்தது, வலை கிடைத்தது, மாமா கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் ஊர் சில வாரங்கள் பொறுத்திருக்கும். பிறகு பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, அவர் உடுத்திய துணியைக் கேட்டு வாங்குவார்கள். வைக்கோலில் ஓர் உரு செய்து, அதற்கு அந்தத் துணியைக் கட்டிக் கடற்கரையில் கிடத்தி, வாயில் தண்ணீர் விட்டு, உடலுக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்து அடக்குவார்கள். மனைவியின் தாலி அங்கேதான் இறங்கும். துணி புதிதாக இருக்கக் கூடாது, துவைத்ததாகவும் இருக்கக் கூடாது. வேர்வை பட்ட துணியைப் பார்த்தால்தான் போனவர் அது தன் உடம்பு என்று அடையாளம் கண்டு வந்து அடங்குவார் என்பது நம்பிக்கை.

அந்தக் காத்திருந்த வாரங்களில் அக்கா பொம்மை தைத்தார். ஓயாமல் தைத்தார். பொழுது விடிந்ததும் ஊசியை எடுத்தால் அத்தை வந்து பிடுங்கி வைத்தால்தான் உண்டு. கையாவது ஓடுகிறதே, பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி என்று நாங்களும் விட்டுவிட்டோம். துக்கம் கேட்க வந்த உறவினர்கள் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஒவ்வொருவருடைய பிள்ளைக்கும் ஒரு பொம்மை. திருடன், இளவரசி, பேசாத ராணி என்று யார் யாரோ எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் போனார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு அந்த நாள் நினைவிருக்கும். லாந்தர்க்காரனை மட்டும் அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. அதை வீட்டிலேயே அத்தை படுக்கும் இடத்துக்கு மேலே பலகையில் நிறுத்திவிட்டார்.

பெரியவர்கள் வந்து துணி கேட்டார்கள். அத்தை பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி. கொடியில் பார்த்தார், பரணில் பார்த்தார், படகுச் சாமான் கிடக்கும் மூலையிலும் பார்த்தார். ஒரு கைலி, ஒரு பனியன், மூக்குத் துடைக்கிற துண்டுகூட இல்லை. மாமா என்று ஒருவர் அந்த வீட்டில் உடுத்தியதற்கான அடையாளமே இல்லை. அக்காவைக் கேட்டார்கள். இல்லை என்றார். எங்கே போயிற்று என்றதற்கும் இல்லை என்பதே பதில். அத்தை காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புதுத்துணி வாங்கிச் செய்யலாமா என்று சிலர் கேட்டதற்கு, செய்கிற முறையில் செய்யாவிட்டால் செய்யாமலிருப்பதே மேல் என்று பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். காரியம் நடக்கவில்லை. தாலியும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வாழ்ந்த வாழ்க்கை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். சுபகாரியத்துக்குக் கூப்பிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், கூப்பிடாவிட்டால் வேறு சிலர் கேட்பார்கள். அக்கா தினமும் குளித்து, பொட்டு வைத்து, பூ கிடைத்தால் பூவும் வைத்துக்கொள்வார். ஒரே கூரையின் கீழே அத்தை, மகனுக்காக அழுவார். இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அக்காவுக்குத் தன் கணவர் இறந்தார் என்று யாரும் சொல்லக் கூடாது. அத்தைக்குத் தன் மகன் இறந்தும் அடங்காமல் நிற்கக் கூடாது. இரண்டும் அன்புதான். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் யார் நிம்மதியாகச் சாப்பிட முடியும்?

"நாக்கு வறண்டு நின்னுகினு இருக்கான்டி என் புள்ள. அவ்ளோ தண்ணி நடுவுல, வாயில தண்ணி வுட ஆளில்லாம" என்று அத்தை ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா பக்கத்தில்தான் ஊசி கோத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முகத்துவாரத்தில் மாமா நிற்கிறார் என்று பேச்சு எழுந்தது. வலை கல்லில் சிக்கினால் மாமா பிடித்தார் என்றார்கள். மோட்டார் நின்றால் மாமா நிறுத்தினார் என்றார்கள். உயிரோடிருந்தவரை யாருடைய கயிற்றையும் தொடாத மனிதர், போன பிறகு ஊரார் படகையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒருநாள் பட்டப்பகலில் ஏரியில் படகில் வந்துகொண்டிருந்தபோது, மணல்மேட்டில் முழங்கால் தண்ணீரில் ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றதை நானும் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. படகோட்டியிடம் சொல்லத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் மேட்டில் தண்ணீர் ஏறியிருந்தது, ஆள் இல்லை. யாரோ நண்டு பிடிக்க வந்தவர் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பொம்மைகளைப் பற்றிய பேச்சும் அப்போதுதான் தொடங்கியது. முதலில் பொன்னேரியில் இருக்கும் சித்தி சொன்னார். மழைக்காலம் வந்தால் அவர் வீட்டுப் பொம்மைக்கு வேர்க்கிறதாம். தொட்டால் பிசுபிசுவென்று ஈரம், விரலை நாக்கில் வைத்தால் உப்பு. பிறகு ஒவ்வொரு வீடாக அதையே சொன்னார்கள். டி.வி. மேலே நிறுத்திய ராணியின் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததாம். சில வீடுகளில் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்க மறுத்தார்கள். வேறு சில வீடுகளில் அதைக் கட்டிக்கொள்ளாமல் தூங்க மறுத்தார்கள். அக்காவிடம் கேட்டால், நல்லாத்தானே இருக்கு, தொடச்சி வையிங்க என்பார். எங்கள் வீட்டு லாந்தர்க்காரனுக்கும் வேர்க்கும். அது சொட்டுவது அத்தையின் தலையணையில்தான். சனியன் பிடித்த பொம்மை என்று திட்டிக்கொண்டே எழுந்து, முந்தானையால் அதன் முகத்தையும் மார்பையும் துடைத்து மறுபடி நிறுத்துவார். தூக்கி எறி என்று நான் சொன்னதுண்டு. ஏனோ அவர் எறியவில்லை.

அக்கா யாரையும் கடிந்து பேசியதில்லை என்று எழுதினால் அது பொய். கதையின் முடிவைச் சொல்லிவிட்ட பிள்ளைகளை விரட்டி விரட்டித் திட்டியிருக்கிறார். ஆனால் மாமாவோடு போய் உயிர் தப்பி வந்த இருவரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் தெருவழியே போக வெட்கப்பட்டுச் சுற்றிப் போவார். அவருக்குப் பெண் பிறந்ததும் அக்காவே பொம்மையோடு அவர் வீட்டுக்குப் போனார். அன்று அந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து அழுததைத் தெருவே பார்த்தது.

சென்ற ஆண்டு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைத்தியம் பலிக்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். புறப்படுவதற்கு முன் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஊசி ஏறி ஏறி வீங்கிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெகுநாளாக மனத்தில் கோத்து வைத்திருந்ததைப் போல நிதானமாகப் பேசினார்.

"உங்க மாமா துணியெல்லாம் பொம்மைங்களுக்குள்ளதான் கீது. ஒளிச்சி வெச்சா தேடி எடுத்துருவாங்க. கொழந்தைங்க கையில குடுத்துட்டா யாரு புடுங்குவாங்க?"

சித்தி வீட்டு உப்பும், ராணி பொம்மையின் கீழே பூத்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கின. கடல் தண்ணீரும் வேர்வையும் ஊறிய துணி, ஒருநாளும் துவைக்காத துணி, மழைக்காற்றுப் பட்டால் ஈரம் கசியாமல் என்ன செய்யும்? விளங்கியும் பயம் போகவில்லை. விளங்கியதால்தான் அதிகமாயிற்று என்றுகூடச் சொல்வேன். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. நான் இருக்கிற வரிக்கும் சொல்லாத. அப்பால சொல்லு. நான் பூட்டா அது அவங்க புள்ள, அவங்க இஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சில நாளில் அக்கா போய்விட்டார். முற்பகல் வேளை. அத்தையின் மடியில்தான் தலை இருந்தது.

குளிப்பாட்டும் நேரம் வந்தபோது பெண்கள் தயங்கி நின்றார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சுமங்கலியாகக் கிளப்புவதா, தாலியை இறக்கிவிட்டுக் கிளப்புவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் கூடினார்கள். நின்றுபோன காரியத்தை இன்றைக்கே செய்து இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம், இனி தடுப்பதற்கு ஆளில்லை என்றார்கள். அதற்கும் அந்தத் துணி வேண்டுமே என்று ஒருவர் இழுத்தார். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அக்கா சொல்லச் சொன்ன நேரம் அதுதான். நான் சொன்னேன்.

தன் வீட்டில் யார் நிற்கிறார் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருப்பார்கள். அத்தை எழுந்து உள்ளே போய், பலகையிலிருந்து லாந்தர்க்காரனை எடுத்துக்கொண்டு வந்தார். கத்தரிக்கோல் கேட்டார். முதுகுத் தையலைப் பிரித்து விரலை விட்டு இழுத்தார். நீலக் கட்டம் போட்ட சட்டையின் கைப்பகுதி சுருண்டு வெளியே வந்தது. மணல்மேட்டில் நின்றவர் முதுகில் நான் பார்த்த அதே கட்டம். அத்தை அதை விரித்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

பெரியவர் ஒருவர் மெல்ல, குடும்மா, உருவுக்குக் கட்டணும் என்று கையை நீட்டினார். அத்தை துணியை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா இவன் மூஞ்சிய நான்தானே தொடச்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு, "குடுக்க மாட்டேன். எம்புள்ள பூட்டான் பூட்டான்னு கத்துனவ நான்தான். இப்ப நானே சொல்றேன், போவல. எம்மருமவளுக்குப் பொட்டு வெய்யிங்க" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. துணியை மறுபடி பொம்மைக்குள் திணித்தார். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். என் கண்ணில் நீர் நின்றதால் நூல் ஏறவே இல்லை. பக்கத்திலிருந்த ஒருவர் கோத்துக் கொடுத்தார். அத்தைக்குத் தையல் வராது. கோணல்மாணலாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டு முதுகை மூடினார். அது முடியும்வரை ஊரே காத்திருந்தது. பிறகு தன் கையாலேயே அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். தாலியோடும் பூவோடும் அக்கா போனார்.

அத்தை செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். மாமா இறந்துவிட்டார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அத்தை முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பல வருடம் அக்கா ஒருவராகச் சுமந்ததை இப்போது அந்த வயதான உடம்பு சுமக்கிறது.

பொம்மை வைத்திருக்கும் பலர் அதற்குப் பிறகு போன் செய்தீர்கள். ஏரியில் விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விட வேண்டாம் என்பது அத்தையின் வேண்டுகோள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அதில் வருத்தமில்லை. ஒரு வீட்டார் எங்கள் கண்ணில் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை அந்தப் பையைத் திறந்து, உள்ளே இருந்த கண்ணாடிக்காரத் திருடனை எடுத்து, பையை மட்டும் குப்பையில் போட்டார். இப்போது பலகையில் இருவர் நிற்கிறார்கள்.

அக்காவின் கடைசி நாட்களில் தண்ணீர் சுமந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த தோணிரேவுச் சொந்தங்கள், அன்று தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்ற கோட்டைக்குப்பத்து மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடையின் முன்கால் பிடித்தவர் அன்று மாமாவோடு போய் நீந்தி வந்தவர். அண்ணா, உங்களுக்குத் தனியாக என் வணக்கம்.

இன்றைய படையலைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவுக்கு இலை போடும்போது பக்கத்திலேயே மாமாவுக்கும் ஓர் இலை போட்டுவிடலாமே என்று சில உறவினர்கள் நல்லெண்ணத்தில் சொன்னார்கள். நான் அதை அத்தையிடம் கேட்டேன். கடலுக்குப் போனவர் வரத் தாமதமானால் அவர் பங்கைத் தனியே எடுத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம், இறந்தவருக்குத்தான் இலை. "அவளுக்கு எல போடு. அவன் பங்க சட்டில எடுத்து மூடி வையி" என்றார் அத்தை. அப்படியே செய்கிறோம். நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவ அடுப்படிப் பக்கம் வரும்போது, அங்கே ஒரு சட்டி தட்டுப் போட்டு மூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். பந்தியில் சோறு குறைந்தாலும் அதை மட்டும் யாரும் எடுத்துப் பரிமாறிவிட வேண்டாம்.